மறதியின் மர்மத்தை ஆராய்ந்த மாமேதை

மனித உடலின் உறுப்புகளில் மூளையே தலையாயது. காண்பதும் கேட்பதும், மகிழ்வதும் வருந்துவதும், கற்பதும் கற்றதை நினைவில் வைப்பதும் அதன் செயல்களே. அம்மூளை சிதைந்தால் மனிதன் தன் பெயரையும் மறந்துவிடுகிறான். அத்தகைய நோய் ஒன்றை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் டாக்டர் அலாய்ஸ் ஆல்சைமர்.

இவர் 1864ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் ஜெர்மனியின் பவேரியாப் பகுதியில் உள்ள மார்க்பிரைட் என்ற சிற்றூரில் பிறந்தார். 1887இல் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, மறு ஆண்டே பிராங்க்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். பகலில் நோயாளிகளோடு பேசுவார். ஓய்வு நேரத்தில் நுண்ணோக்கியின் முன் அமர்வார். மூளைத் திசுக்களுக்குச் சாயமேற்றும் முறையைக் கண்ட பிரான்ஸ் நிசில் அங்கே இவருடைய உற்ற நண்பரானார்.

1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இவருடைய அன்பு மனைவி காலமானார். தாயற்ற மூன்று குழந்தைகளுடன் நின்ற ஆல்சைமர், துயரிலும் கடமையைக் கைவிடவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அகஸ்டே என்ற 51 வயதுப் பெண்மணி மருத்துவமனைக்கு அழைத்துவரப்பட்டார். ஆல்சைமர் அவரருகில் அமர்ந்து பென்சில், பேனா, சாவி முதலியவற்றைக் காட்டினார். அவர் பெயர்களைச் சரியாகவே சொன்னார். சற்று நேரம் கழித்துக் கேட்டபோது எதைக் கண்டோம் என்பதே அவருக்கு நினைவில்லை. தம் பெயரை எழுதத் தொடங்கியவர் பாதியில் மறந்து நின்றார். அவர் கூறிய ஒவ்வொன்றையும் ஆல்சைமர் பொறுமையுடன் குறித்து வைத்தார்.

1903இல் மூனிச் நகருக்குச் சென்ற பின்னரும் அந்நோயாளியை அவர் மறக்கவில்லை. 1906 ஏப்ரலில் அகஸ்டே இறந்தார். அவரது மூளையை வரவழைத்து, மெல்லிய சீவல்களாக்கி, வெள்ளிச் சாயமேற்றி ஆராய்ந்தார் ஆல்சைமர். மூளை சுருங்கியிருந்தது. நரம்பணுக்களுக்குள் நூல்கள் சிக்குண்டு கிடந்தன. அணுக்களுக்கு வெளியே விந்தையான படிவுகள் காணப்பட்டன.

அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் மாநாட்டில் இதை விளக்கினார். ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை! அவரோ மனந்தளராது ஆய்வைத் தொடர்ந்தார். 1910இல் பேராசிரியர் கிரெப்பலின் தம் நூலில் அந்நோய்க்கு ஆல்சைமரின் பெயரையே சூட்டினார். 1912இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகப் பேராசிரியரான ஆல்சைமர், 1915 டிசம்பர் 19ஆம் நாள் இதயநோயால் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 51தான்.

அவர் காலத்தில் மூளைக்குள் காண, நோயாளி இறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1971இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை சி.டி. ஸ்கேன் கருவியால் படமெடுக்கப்பட்டது. எம்.ஆர்.ஐ. கருவி மூளையின் சுருக்கத்தைத் துல்லியமாகக் காட்டுகிறது. 2002இல் சுவீடனின் உப்சாலா நகரில், ஆல்சைமர் கண்ட அதே படிவுகளை, உயிருடன் இருக்கும் நோயாளியின் மூளையிலேயே பெட் ஸ்கேன் வழியாகக் கண்டனர். ஆயினும் இந்நோயை அடியோடு போக்கும் மருந்து இன்னும் கிட்டவில்லை.

அன்புத் தோழியரே! நம் இல்லத்தில் பாட்டி கேட்டதையே பத்து முறை கேட்டால் சலித்துக்கொள்ளலாமா? அது அவர் குற்றமன்று; நோயாகவும் இருக்கலாம். கருவிகள் மூளையைப் படமெடுக்கும். அருகில் அமர்ந்து அன்புடன் செவிசாய்க்க மனிதரால் மட்டுமே இயலும். ஆல்சைமரின் அரும்பணி தொடங்கியதும் அங்கேதான். அப்பொறுமையை இறைவன் நமக்கும் அருள்வாராக!