அணுவை நம்பாத பிராடி... கிராஃபீன் ஆக்சைடுக்குப் பாதை போட்டது எப்படி?

பேட்டரியில் இருந்து தண்ணீர் வடிகட்டி வரை, ஆய்வாளர்கள் இன்னைக்கு முயன்று பார்க்கும் பொருள் கிராஃபீன் ஆக்சைடு. கார்பன் அணுக்கள் ஒரே அடுக்காக விரிந்த தாள். மேலே ஆக்சிஜன் ஒட்டியிருக்கும். இதற்கு 1859-லேயே வழி திறந்தவர், அணு என்ற கருத்தையே சந்தேகப்பட்டவர்!

யார் இந்த பிராடி?

1817-ல் பிறந்த பெஞ்சமின் காலின்ஸ் பிராடி, லண்டனின் பிரபல அறுவை சிகிச்சை மருத்துவரின் மகன். அப்பாவுக்கும் பெஞ்சமின் பிராடி என்றுதான் பெயர். ஆக்ஸ்போர்டில் படித்த மகன், இங்கிலாந்து திருச்சபையின் 39 கோட்பாடுகளை ஏற்க மறுத்தார். அதனால எம்.ஏ. பட்டம் மறுக்கப்பட்டது. ஜெர்மனியின் கீசன் நகருக்குப் போய் லீபிக்கிடம் வேதியியல் கற்றார். 1850-ல் ராயல் பதக்கம் வந்தது. 1855-ல் அதே ஆக்ஸ்போர்டு அவரைப் பேராசிரியர் ஆக்கியது.

கிராஃபைட்டை என்ன செய்தார்?

பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டை அரைப்பது லேசில்லை. அதன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். பிராடி அமிலத்தை நம்பினார். ஒரு பங்கு கிராஃபைட், மூன்று பங்கு பொட்டாசியம் குளோரேட், புகையும் நைட்ரிக் அமிலம். 60 டிகிரி செல்சியஸில் 3, 4 நாள் சூடு. கழுவி, உலர்த்தி, மறுபடி முதலில் இருந்து. கடைசியில் கறுப்பு போய், வெளிர் மஞ்சள் துகள் கிடைத்தது. அதுதான் கிராஃபைட் ஆக்சைடு. வேலை ஆபத்தானது, இந்தக் கலவையில் வெடிக்கக்கூடிய குளோரின் டைஆக்சைடு வாயு உருவாகும்.

எங்கே சறுக்கினார்?

கிராஃபைட் என்பது கார்பனின் தனி வடிவம், அதன் அணு எடை 33 என்று கணக்கிட்டு, கிராஃபான் என்று பெயரும் வைத்தார். ஆனால் கார்பனின் அணு எடை 12தான். 1866-ல் அணுவே வேண்டாம், இயற்கணிதக் குறியீடுகளே போதும் என்று ஒரு புது முறையை முன்வைத்தார். அது எடுபடல. 1880-ல் காலமானார்.

இப்போ என்ன நிலை?

1958-ல் ஹம்மர்ஸ், ஆஃப்மேன் இருவரும் கந்தக அமிலம், பொட்டாசியம் பெர்மாங்கனேட் கொண்டு நாள்கணக்கான வேலையைச் சில மணி நேரமாகக் குறைத்தார்கள். அடுத்த முயற்சி, அமிலத்தையே குறைப்பது. சுழலும் கலனில் கெட்டியான உருண்டைகளோடு கிராஃபைட்டைப் போட்டு அரைக்கும் பால் மில் முறை அதில் ஒன்று. உருண்டைகள் மோதும்போது அடுக்குகள் பிரிந்து உடையும். அந்த விளிம்புகளில் ஆக்சிஜன் ஒட்டும்.

பிராடியின் 33 பொய்த்துப்போச்சு. பொறுமையாகக் கழுவி எடுத்த அந்த மஞ்சள் துகள் பொய்க்கல. அதை நீரில் போட்டுப் பிரித்தால் வருவது, ஓர் அணு தடிமன் கொண்ட கார்பன் வலை.