கிளிமானூர் ஓவியர்

வெள்ளறடையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரவிவர்மரின் சரசுவதி படம் ஒன்று உண்டு. கண்ணாடி மங்கி, ஓரம் பூச்சி அரித்த பழைய அச்சுப்படம். பாட்டி மார்த்தாண்டத்திலிருந்து இங்குக் குடிபெயர்ந்தபோது, தம் தாயின் நினைவாகக் கொண்டு வந்தது. அதனைத் தெய்வமாகவே கண்டு வளர்ந்த எனக்கு, அதை வரைந்தவர் ஒரு மனிதர் என்ற எண்ணமே நெடுநாள் எழவில்லை.

சென்ற விடுமுறையில் இயற்பியல் ஏடுகளை மூடிவைத்துவிட்டு, கணினியில் நிழற்படங்களை இணைத்துக் கனவு போன்ற உருவப்படம் ஆக்கும் கலையைக் கற்கத் தொடங்கினேன். பாட்டியின் முகத்தைக் குருசுமலை மேலெழும் மேகங்களில் பொருத்த வேண்டும் என்பது ஆசை. வந்ததோ வெட்டி ஒட்டிய தலை! படக்கடைக்காரர் ஒருவரை அணுகினேன். தொழில் மறையைச் சொல்லித் தர அவருக்கு மனம் வரவில்லை. கசந்த நெஞ்சோடு திரும்பிய நாட்களில்தான் இராசா இரவிவர்மரின் வாழ்க்கையைப் படித்தேன்.

எங்கள் மாவட்டத்துக் கிளிமானூரில் 1848 ஏப்ரல் 29இல் பிறந்தவர் அவர். தாய் உமாம்பாபாய் கவிதை புனைந்தவர். மாமன் இராசராசவர்மர் தஞ்சை முறையில் வல்ல ஓவியர். அவரே முதல் ஆசான். பதினான்கு வயதில் மருமகனைத் திருவனந்தபுரத்திற்கு அழைத்துச் சென்று ஆயில்யம் திருநாள் மகாராசாவிடம் சேர்த்தார். அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர் எண்ணெய் வண்ணம் அறிந்தவர். ஆயினும் இளைஞனைப் போட்டியாளனாகக் கருதிக் கற்பிக்க மறுத்தார். நாயக்கரின் மாணவர் ஆறுமுகம் பிள்ளையோ, ஆசிரியர் அறியாமல் மறைவாக வந்து சொல்லிக் கொடுத்தார். நண்பர்களே, பிழைப்புக்கே ஊறு நேரலாம் என்று தெரிந்தும் கற்பித்த அந்தப் பிள்ளையவர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1868இல் வந்த வெள்ளைக்கார ஓவியர் தியோடர் ஜென்சனும் கற்பிக்கவில்லை; தாம் வரைவதைப் பார்த்திருக்க மட்டும் இசைந்தார். பார்த்தே கற்றார் இரவிவர்மர்.

எண்ணெய் வண்ணம் மெல்ல உலர்வது. ஈரம் இருக்கும்போதே ஒளியை நிழலுக்குள் இழைத்துவிடலாம். கழுத்து எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது என்று கோடு தெரியாது. என் படத்தில் இல்லாதது அதுதான்!

1873இல் சென்னைக் கண்காட்சியில் நாயர் மங்கையின் படத்திற்கு முதற்பரிசு பெற்றார். அதே ஆண்டு வியன்னாவிலும் பரிசு கிடைத்தது. பரோடா மன்னருக்குப் புராணப் படங்கள் வரையுமுன், தம்பி இராசவர்மருடன் வடநாடு சுற்றி ஆடை அணிகளைக் கண்டு வந்தார். ஓர் ஊரின் சேலை, ஓர் ஊரின் முகம், புராணத்தின் கதை. மூன்றும் ஒரே திரையில் கூடின. மைசூருக்காக 1889இல் வரைந்த படத்தில் வெவ்வேறு நாட்டுப் பெண்கள் பதினொருவர் இசைக்கருவிகளோடு ஓரிடத்தில் கூடியிருக்கின்றனர். வாழ்வில் அவர்கள் கூடியிருப்பார்களா? ஓவியர் கூட்டிவைத்தார். இணைப்புப்படம் வேறென்ன!

1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவினார். வண்ணத்திற்கொரு கல். ஒரே தாள் ஒவ்வொரு கல்லாக ஏறி இறங்கும். ஒரு கல் மயிரிழை நகர்ந்தால் தேவியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் விழும். கணினியில் நான் அடுக்கு அடுக்காகப் படம் சேர்ப்பதும் இதே முறை என்று உணர்ந்தபோது உடல் சிலிர்த்தது. திரைப்படத்தின் தந்தை பால்கேயும் அந்த அச்சகத்தில் தொழில் பார்த்தவரே.

பொருளளவில் அச்சகம் அவரை நொடிக்கச் செய்தது. 1901இல் ஜெர்மானியரான சுலைகரிடம் விற்றார். கலைஞர் வணிகத்தில் இறங்கியது பிழை என்பாரும், தாளில் மலிந்து கலை தாழ்ந்தது என்பாரும் உளர். நான் உடன்படேன். திருவிதாங்கூரில் கோயிற் கதவு எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12இல்தான். அதுவரை வெளியே நிறுத்தப்பட்டவருள் பாட்டியின் தாயும் ஒருவர். அவர் அருகில் நின்று முகம் பார்த்த முதல் தெய்வம், எங்கள் கூடத்துச் சரசுவதியே.

உடனிருந்து உழைத்த தம்பி 1905இல் மறைந்தார். அடுத்த ஆண்டு அக்டோபர் 2இல் கிளிமானூரில் இரவிவர்மரும் கண்மூடினார். அச்சகமும் 1972இல் தீக்கிரையாயிற்று.

திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில், 1899இல் அவர் தீட்டிய அன்னமும் தமயந்தியும் படத்தின் முன் ஒருநாள் நெடுநேரம் நின்றேன். வீடு வந்து என் பிழையைக் கண்டுகொண்டேன். பாட்டியின் முகத்தில் வெயில் இடப்புறம், மலையில் வலப்புறம். ஒளி இரண்டு திசையில் வந்தால் பொய் வெளிப்படாமல் என்ன செய்யும்? மலையை இடம்வலமாகத் திருப்பினேன்; கழுத்தோரத்தை மேகத்தில் இழைத்தேன். முகம் பொருந்திவிட்டது. பாட்டியிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தம் முகத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; குருசுமலை ஏன் திரும்பி நிற்கிறது என்று மட்டும் கேட்டார்.