சாந்தி ஸ்வரூப் பட்நாகர்

கல்வராயன் மலையில் மழை பெய்யுங்கால் கோமுகி ஆறு செந்நீராய்ப் பெருகிக் கள்ளக்குறிச்சி நிலங்களை அடைகின்றது. அந்நீரைக் குடத்தில் முகந்து வைத்தால் மண்துகள்கள் நெடுநேரம் மிதந்தே நிற்கும். குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்துவிட்டால் அவை ஒன்றோடொன்று கூடித் திரண்டு அடியிற் படிய, மேல்நீர் தெளிகின்றது. நுண்துகள்கள் இங்ஙனம் கூடுதலைத் திரட்சி என்போம். இதனை வேண்டுமிடத்து விளைத்தலும் வேண்டாவிடத்துத் தடுத்தலும் பல தொழில்களுக்கு உயிர்நிலையாம். அக்கலையில் வல்லுநராய் விளங்கிய ஒரு பெரியாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

சாந்தி ஸ்வரூப் பட்நாகர் 1894-ம் வருடம் பிப்ரவரி 21-ந் தேதி பஞ்சாபில் பேரா என்னும் ஊரிற் பிறந்தார். எட்டு மாதக் குழந்தையாயிருக்கும்போதே தந்தையை இழந்து, தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் வளர்ந்தார். பாட்டனார் எஞ்சினீயர், ஆதலின் கருவிகளில் விருப்பம் இளமையிலேயே வேரூன்றிற்று. லாகூர் பார்மன் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று 1919-ல் எம். எஸ்ஸி. பட்டம் பெற்றார். பின்னர் தயாள் சிங் தர்மநிதியின் உதவியால் லண்டன் சென்று, பேராசிரியர் டானனிடம் ஆராய்ச்சி செய்து 1921-ல் டாக்டர் பட்டத்துடன் மீண்டார். காசி ஹிந்து சர்வகலாசாலையில் மூன்றாண்டு கற்பித்தபின், 1924-ல் லாகூர் சர்வகலாசாலையின் இரசாயன ஆய்வுக்கூடத் தலைவரானார்.

அக்காலத்தே அட்டக் எண்ணெய்க் கம்பெனியாருக்கு ஓர் இடர் நேர்ந்தது. எண்ணெய்க் கிணறு துளையிடுவோர் களிமண் குழம்பை உள்ளே செலுத்துவர். அது துளைகருவியைக் குளிரச் செய்து, உடைந்த கல்லையும் மேலே கொணரும். நிலத்தடி உப்புநீர் கலந்தவுடன் அக்குழம்பு கல்லென இறுகி வேலையை நிறுத்திவிட்டது. களிமண் துகள்கள் ஒரேவகை மின்னூட்டம் உடைமையால் ஒன்றையொன்று விலக்கி நிற்பன. உப்பு அவ்விலக்கத்தைக் குறைக்கவே அவை திரள்கின்றன. இதனை உணர்ந்த பட்நாகர், நம் நாட்டுப் பிசின் ஒன்றைக் குழம்பிற் சேர்ப்பித்தார். திரட்சி தடைப்பட்டது; குழம்பும் இளகி ஓடிற்று.

மகிழ்ந்த ஸ்டீல் சகோதரர் கம்பெனியார் ஆராய்ச்சிக்கென ரூ. 1,50,000 அளிக்க முன்வந்தனர். அப்பொருளை அவர் சர்வகலாசாலை வாயிலாகவே பெறச் செய்து, மாணாக்கர் ஆராய்தற்குரிய பெட்ரோலியப் பகுதியொன்றை நிறுவினார். செல்வம் தம் வாயில் தேடி வந்த போதும் கலாசாலையை முன்னிறுத்திய இச்செயலே, நம் கருத்தில், அவருடைய கண்டுபிடிப்பினும் பெரிது.

காகிதத் தொழிலில் அவர் இறங்கினாரல்லர். எனினும் அவர் கையாண்ட நெறியே அங்கும் ஆள்கின்றது. கூழிலுள்ள களிமண்ணும் நுண்ணிய நார்த்துணுக்குகளும் கம்பிவலை வழியே நீரோடு ஒழுகிவிடாமல், படிகாரம் முதலியன சேர்த்து அவற்றை நாரிற் பற்றச் செய்வர். சேர்ப்பது குறையின் பொருள் நட்டமாம். மிகின் நார் கட்டிகட்டியாய்த் திரண்டு, வெளிச்சத்திற் பிடித்த தாள் மேகம் படர்ந்தாற்போல் தோன்றும். ஆதலின் மின்புலத்தில் துகள்கள் நகரும் வேகத்தாலும், கூழினூடே செலுத்திய ஒளியின் வேறுபாட்டாலும் திரட்சியை அளந்தறிகின்றனர். கள்ளக்குறிச்சிப் பகுதியில் விளையும் கரும்பும் இக்கலைக்குப் புறம்பன்று. கரூரையடுத்த புகளூர் ஆலையில் 1984 முதல் கரும்புச் சக்கையினின்று காகிதம் செய்கின்றனர். சக்கை நார் குறுகியது. அதன் கூழில் நீர் எளிதில் வடியாது. எனவே அளவறிதல் அங்கே பின்னும் இன்றியமையாததாகின்றது.

அளவறிதலில் பட்நாகருக்கிருந்த ஆர்வமும் பெரிது. 1928-ல் மாதூர் என்பாருடன் கூடிக் காந்தத் தன்மையை நுட்பமாய் அளக்கும் தராசு ஒன்றை அமைத்தார். 1941-ல் ஸர் பட்டமும், 1943-ல் ராயல் சங்கத்தின் அங்கத்தினர் பதவியும் எய்தினார். 1942-ல் தோன்றிய விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவராய் நாடெங்கும் ஆய்வுக்கூடங்கள் எழச் செய்தார். அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1953-ல் திறக்கப்பெற்ற காரைக்குடி மின்வேதியியல் நிலையமும் அவற்றுள் ஒன்று. 1955-ம் வருடம் ஜனவரி முதல் நாள் அவர் உயிர் நீத்தார். அவர் பெயரால் ஏற்பட்ட பரிசு 1958-ல் முதன்முதல், மதுரை அமெரிக்கன் கல்லூரியிற் பயின்ற நம் தமிழர் கே. எஸ். கிருஷ்ணனைச் சேர்ந்தது.

கலங்கிய நீர் நம் ஊர்தோறும் உண்டு. அது கலங்குவதேன், தெளிவதேன் என்று வினவும் மாணாக்கர் நம் கல்லூரியிலும் பெருகுவாராக.