உருசிய நாவலாசிரியர் தஸ்தயேவ்ஸ்கி

சமயநூல் வல்லார் பரபக்கத்தின் வன்மையெல்லாம் புலப்படக் கூறிய பின்னரே சுபக்கம் நாட்டுவர். எதிர்ப்பக்கத்தை மெலிவித்துக் காட்டி வெல்லுதல் வெற்றியாகாது. இம்முறையைத் தருக்க நூலினன்றிக் கதை நூலின்கண் மேற்கொண்டு, கடவுட்கொள்கை பற்றிய ஐயத்தையும் தெளிவையும் ஒருங்கே ஆராய்ந்தவர் பியோதர் தஸ்தயேவ்ஸ்கி என்பார். அவர்தம் வரலாறு சிந்திக்கற்பாலது.

இவர் 1821ஆம் ஆண்டில் மாஸ்கோ நகரத்தே, வறியோர் மருத்துவசாலையொன்றன் மருத்துவர்க்கு மைந்தராய்த் தோன்றினார். பொறியியல் பயின்று, அதனை விடுத்து எழுத்துத் தொழிலை மேற்கொண்டார். 1846இல் வெளிவந்த முதல் நாவலே புகழ் தந்தது. அரசினையும் திருச்சபையையும் கண்டித்த கடிதமொன்றை நண்பர் குழுவிற் படித்த குற்றத்திற்காக 1849இற் சிறைப்பட்டுக் கொலைத்தண்டம் விதிக்கப்பெற்றார். கொலைக்களத்தில் முதல் மூவர் தூணிற் கட்டுண்டு நிற்க, அடுத்த மூவருள் ஒருவராய் இவர் தம் முறை நோக்கி நின்றபொழுது, பேரரசன் ஆணையால் அத்தண்டம் மாற்றப்பட்டது.

பின்னர்ச் சைபீரியாவில் ஓம்ஸ்க் சிறைக்கண் நான்காண்டு விலங்கு பூண்டு கடுந்தொழில் செய்தார். அங்குச் செல்லும் வழியில், முன்னர் நாடு கடத்தப்பெற்றோர்தம் மனைவியர் அளித்த புதிய ஏற்பாட்டு நூலை இறுதிகாறும் போற்றினார். ஆயினும், 1854இல் விடுதலையுற்றதும் அம்மனைவியருள் ஒருவர்க்கு எழுதிய கடிதத்தில், தம் வாழ்நாள் முடியுமளவும் ஐயம் தம்மை விடாதென்றும், மறுப்புக்கள் மிகுந்தோறும் நம்பிக்கை வேட்கையும் மிகுகின்றதென்றும் ஒளியாது உரைத்தார்.

'குற்றமும் தண்டனையும்' முதலிய நாவல்களால் இவர் பெயர் பரவிற்று. 1878ஆம் ஆண்டு மே மாதத்தில், மூவாண்டும் நிரம்பாத மகன் அலியோஷா, தந்தையினின்று வந்த வலிப்புநோயால் இறந்தான். ஆற்றாத தந்தையார், இளந்தத்துவ அறிஞர் விளாதிமிர் சொலொவியோவுடன் ஒப்தினா மடஞ் சென்று, முதுதுறவி அம்விரோசியாரைக் கண்டு அளவளாவி மீண்டார். அதன்பின் 1879-80இல் வெளிவந்ததே 'கரமசோவ் சகோதரர்கள்' என்னும் பெருநாவல்.

அந்நாவலில் இவான் என்பான் கடவுளை மறுத்து வாதிட்டானல்லன். குற்றமறியாக் குழவிகள் படுந் துன்பத்தை எடுத்துக்காட்டி, அத்துன்பத்தை விலையாகக் கொண்டு அமையும் இறுதி ஒழுங்கு எத்துணைச் சிறந்ததாயினும் தனக்கு வேண்டா என்கின்றான். மகனை இழந்த தந்தை இதனை எழுதினார் என்பது கருதத்தக்கது. இதற்குச் சொல்லுக்குச் சொல் விடை கூறாது, சோசிமா என்னும் துறவியின் வாழ்வையே விடையாக நிறுத்தினார். ஐயுற்று வந்த பெண்ணொருத்திக்கு அத்துறவி, மறுமையை வாதத்தால் நிறுவலாகாது, பிறர்க்கு இடையறாது அன்பு செய்தலாற் தெளிவு பிறக்குமென அறிவுறுத்துகின்றார். அவர் இறந்தபின் அற்புதம் நிகழுமென அனைவரும் எதிர்நோக்க, உடல் விரைவில் நாறத் தொடங்கியது. மடத்தார் சிலர் பழித்தனர். மாணவன் அலியோஷாவும் கலங்கிப் பின்னரே தேறினான். இறந்த மகன் பெயரையே ஆசிரியர் இம்மாணவனுக்கு இட்டனர்.

தாம் கூறிய விடை போதுமோ என்று ஆசிரியரே அஞ்சினாரென்பது அவர்தம் கடிதத்தாற் புலனாம். எனினும் இவானது வாதத்தை ஓரிடத்தும் குறைத்திலர். 1881ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பீட்டர்ஸ்பர்க்கு நகரிற் காலமானார். ஐயத்தை மறையாது அதனுள் நின்றே தெளிவை நாடிய அந்நேர்மை, எச்சமயத்தாரும் மதிக்கற்பாலதாம்.