பூவை மட்டும் பார்த்தால் போதுமா?

வடக்கு சிக்கிமின் உயர்மலைச் சரிவில் நான் எடுத்த படம் ஒன்றிற்கு இன்றுவரை பெயரிட முடியவில்லை. கணுக்கால் உயரப் புதர், ஊதாநிறப் பூக்கள். 'நிவாலே', 'செடோசம்' என்னும் இரு ரோடோடென்ட்ரான் சிற்றினங்களுள் ஒன்றாக இருக்கலாம். இளந்தண்டிலும் இலை விளிம்பிலும் விறைத்த முடிகள் இருப்பின் அது செடோசம், இல்லையெனில் நிவாலே. நானோ பூக்களை மட்டுமே படமெடுத்திருந்தேன். அந்தப் பிழைதான் என்னை ஜோசப் டால்டன் ஹூக்கரின் வாழ்க்கையை நாடச் செய்தது.

1817-இல் இங்கிலாந்தில் பிறந்த ஹூக்கர், தாவரவியலாளரின் மகன். 22 வயதில் தென்துருவக் கடற்பயணம் மேற்கொண்டவர், 1848-இல் டார்ஜிலிங் வந்தடைந்தார். லெப்சா உதவியாளர்களின் துணையோடு சிக்கிமின் கணவாய்களில் ஏறினார். செடிகளை உலர்த்திப் பதப்படுத்தினார், வரைந்தார், அவை வளரும் உயரத்தையும் குறித்துக்கொண்டார். வேறு புதர்கள் அரிதாகிவிடும் உயரத்தில் தரையோடு தரையாக வளரும் நிவாலேவை அறிவியல் உலகுக்கு விவரித்தவர் அவரே.

அப்பயணத்தில் கறையும் உண்டு. 1849 நவம்பரில் சிக்கிம் திவானின் ஆட்கள் அவரையும் ஆங்கிலேய அதிகாரி கேம்பெல்லையும் சிறைப்பிடித்தனர். டிசம்பரில் இருவரும் விடுவிக்கப்பட்டனர். எனினும், அதையே காரணம் காட்டி ஆங்கிலேய அரசு சிக்கிமின் தராய் நிலத்தைப் பறித்துக்கொண்டது.

அவர் மலையில் இருந்தபோதே, சிக்கிம் ரோடோடென்ட்ரான்கள் குறித்த அவரது நூல் லண்டனில் வெளிவரத் தொடங்கிவிட்டது. அதன் படங்களைத் தீட்டிய வால்டர் ஃபிட்ச் இமயத்தைக் கண்டவரல்லர். ஹூக்கர் அனுப்பிய கோட்டோவியங்களும் உலர்ந்த செடிகளுமே அவருக்குக் கண்களாயின. இனம் காண எது தேவையோ, அது அவற்றில் இருந்தது.

பின்னாளில் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருபதாண்டுகள் பணியாற்றிய ஹூக்கர், இந்தியத் தாவரங்கள் பற்றிய ஏழு தொகுதிகளை 1897-இல் நிறைவு செய்து, 1911-இல் மறைந்தார்.

இன்று நம் கைப்பேசிப் படங்களும் ஆவணங்களாகின்றன. புவி வெப்பமடைவதால் தாழ்நிலச் செடிகள் மேலேறுகின்றன. உச்சியில் வாழும் நிவாலே போன்றவற்றுக்கு அதற்கு மேல் ஏற இடமில்லை. தவறான பெயரில் பதிவான செடி, இல்லாத இடத்தில் இருப்பதாகக் கணக்கில் ஏறும். அது உண்மையில் அழிந்தாலும் நமக்குத் தெரியாது. ஆகவே, பூவோடு தண்டையும் இலையின் இருபுறங்களையும் படமெடுப்போம், உயரத்தையும் குறிப்போம். மண்டியிட்டுப் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். அன்று நான் அதைச் செய்யவில்லை.