வைஸ்மனும் வேண்டாத பியூட்டனாலும்

ஹைம் வைஸ்மன் என்ற பெயரைத் தேடிப் பார்த்தீங்கன்னா, இஸ்ரேலின் முதல் ஜனாதிபதி என்றுதான் வரும். அந்த அரசியல் இன்னைக்கு வரைக்கும் முடியாத பெரிய கதை. நான் சொல்ல வந்தது அவருடைய இன்னொரு வாழ்க்கையை. நீங்க பயோடெக்கோ கெமிக்கலோ படிக்கிறவங்கன்னா, அது உங்க சிலபஸுக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு.

1874ல், இப்போது பெலாரஸில் இருக்கும் மோட்டல் என்ற சின்ன ஊரில் ஒரு மர வியாபாரியின் மகனாகப் பிறந்தார். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் வேதியியல் படித்துவிட்டு, 1904ல் மான்செஸ்டருக்கு வந்தார்.

1910 வாக்கில் ரப்பர் விலை எகிறியது. பியூட்டனால் கிடைச்சா பியூட்டாடையீன் செய்யலாம், அதிலிருந்து செயற்கை ரப்பர் செய்யலாம் என்பது திட்டம். மாவுச்சத்தைப் பியூட்டனாலாக்கும் நுண்ணுயிரைத் தேடி, கடைசியில் ஒரு பாக்டீரியாவைப் பிடித்தார். இன்னைக்கு அதன் பேர் கிளாஸ்ட்ரிடியம் அசிட்டோபியூட்டிலிக்கம். ஈஸ்ட்டுக்கு ஸ்டார்ச்சை நேரா சாப்பிடத் தெரியாது, யாராவது முதலில் சர்க்கரையாக உடைத்துக் கொடுக்கணும். இது மக்காச்சோள மாவை நேராவே தின்னுச்சு. ஆனா ஆறு பங்கு பியூட்டனால் வந்தா, கூடவே மூணு பங்கு அசிட்டோனும் ஒரு பங்கு எத்தனாலும் வந்தது. ரப்பர் கனவில் இருந்தவங்களுக்கு அசிட்டோன் முக்கியமே இல்லை. 1913ல் அவர் எதிர்பார்த்த பேராசிரியர் பதவியும் கிடைக்கலை.

அடுத்த வருஷம் உலகப் போர். பீரங்கிக் குண்டுகளுக்கான கார்டைட் வெடிமருந்து செய்ய அசிட்டோன் வேணும். அதுவரைக்கும் அது மரத்தைக் காய்ச்சி வடித்துத்தான் வந்தது. ஒரு டன் அசிட்டோனுக்கு 80 முதல் 100 டன் மரம்! பிரிட்டன் அவ்வளவு காட்டுக்கு எங்கே போகும்? கடற்படை வைஸ்மனைக் கூப்பிட்டது. லண்டனில் ஒரு ஜின் ஆலையில் முதல் சோதனை, பிறகு மற்ற சாராய ஆலைகள். அங்கேதான் சிக்கல். ஈஸ்ட் ஓடிட்டிருந்த தொட்டியில் கொஞ்சம் அழுக்கு இருந்தாலும் சமாளிச்சிடும். இந்தப் பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜன் ஆகாது, வேற கிருமி நுழைஞ்சா பேட்ச்சே போச்சு. பைப்பு, வால்வு, தொட்டி எல்லாத்தையும் நீராவியில் கிருமி நீக்கி ஓட்ட வேண்டியிருந்தது. இத்தனை பெரிய அளவில் அப்படிச் செய்த ஆரம்ப முயற்சிகளில் இது ஒண்ணு. என்னைக் கேட்டா, பாக்டீரியாவைக் கண்டுபிடிச்சதைவிட இதுதான் பெரிய சாதனை.

1917ல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிக்க, மக்காச்சோளம் சாப்பாட்டுக்கே பத்தலை. மாற்று மூலப்பொருள் என்ன? ஹார்ஸ் செஸ்ட்நட். தெருவோர மரங்களிலிருந்து உதிரும், மனுஷன் சாப்பிட முடியாத கொட்டை. பள்ளிப் பிள்ளைகளைப் பொறுக்கச் சொன்னாங்க, எதுக்குன்னு மட்டும் சொல்லலை. போர் ரகசியமாச்சே! பிள்ளைகள் குவிச்சுட்டாங்க. ஆனா ரயில் வண்டி போதாமல் மூட்டை மூட்டையாக ஸ்டேஷன்களிலேயே அழுகியது. கிங்ஸ் லின் தொழிற்சாலைக்கு வந்து சேர்ந்தது சுமார் 3,000 டன்தான். அதுவும் ஒழுங்காப் புளிக்கலை. 1918 ஏப்ரலில் தொடங்கிய உற்பத்தி ஜூலையிலேயே நின்றது. இலவசமாக் கிடைக்கிற ஃபீட்ஸ்டாக் என்று பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் எழுதும்போது, அந்த ரயில் நிலையங்களைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க.

இந்த அசிட்டோனுக்குப் பரிசாகத்தான் பால்ஃபர் பிரகடனம் வந்தது என்று லாய்ட் ஜார்ஜ் பின்னால் எழுதினார். வரலாற்றாளர்கள் அதை ஏற்பதில்லை.

போர் முடிஞ்சதும் அசிட்டோன் யாருக்கும் வேண்டாம். அதுவரைக்கும் மிச்சமாகத் தேங்கிக் கிடந்த பியூட்டனாலுக்கு இப்போ கிராக்கி! 1920களில் அமெரிக்கக் கார்களுக்கு வந்த, சட்டுனு காயும் பெயின்ட்டுக்கு அதுதான் கரைப்பானின் மூலப்பொருள். அதே பாக்டீரியா, அதே தொட்டி. பைப்ராடக்ட் எது என்பது மட்டும் தலைகீழாயிடுச்சு.

வைஸ்மன் அரசியலுக்குப் போனாலும் லேபை விடவில்லை. இரண்டாம் உலகப் போரில் விமானியாக இருந்த மகன் மைக்கேலை 1942ல் இழந்தார். 1952ல் காலமானார். அதன் பிறகு பெட்ரோலியம் மலிவாகி, அவருடைய தொட்டிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

2008ல், கிளாஸ்ட்ரிடியத்தின் பியூட்டனால் வழித்தடத்தை ஈஸ்ட்டுக்குள் வைத்துப் பார்த்தாங்க. கிடைச்சது லிட்டருக்கு 2.5 மில்லிகிராம். வைஸ்மனின் தொட்டியில் மூணு கரைப்பானும் சேர்த்து லிட்டருக்கு 20 கிராம் வாக்கில் வந்துட்டிருந்தது. அதுக்கு மேலே போனா பியூட்டனால் அதைச் செய்யும் செல்லையே கொன்னுடும். ஈஸ்ட்டை இன்னும் பழக்கிட்டிருக்காங்க.