டவ் ஆற்றங்கரைக் கவிஞர்

நம் வட்டத்தின் பத்தாண்டு மலருக்கு ஒரு கவிஞரின் வாழ்க்கையை எழுதுக எனப் பணிக்கப்பட்டபோது, என் நெஞ்சில் முதலில் நின்றவர் ஆங்கிலக் கவிஞர் சார்லஸ் காட்டன். தூண்டிலாளர் உலகம் அவரைப் போற்றுகிறது. கவிதையுலகமோ அவரைப் பாதி மறந்துவிட்டது.

1630ஆம் ஆண்டு, ஸ்டாஃபோர்டுஷயரின் எல்லையில் ஓடும் டவ் ஆற்றங்கரையில், பெரஸ்ஃபோர்டு மாளிகையில் அவர் பிறந்தார். தந்தையார் பென் ஜான்சன் முதலிய புலவர்களோடு பழகியவர். மகனுக்கு அவர் விட்டுச் சென்றவை நல்ல நூற்பயிற்சியும் கடன் சுமந்த நிலங்களும். கடன் தீர்க்க நிலத்தில் ஒரு பகுதியை விற்பதற்கு 1665இல் நாடாளுமன்றத்தின் சட்டமே தேவைப்பட்டது. கடன்காரர் வரும்போது அருகிலிருந்த குகையில் அவர் ஒளிந்துகொள்வார் என்று அவ்வூரார் சொல்லி வந்தனர். அது கதையாகவே இருக்கட்டும். கடன் மட்டும் கதையன்று.

அந்த அல்லலிடையே அவருக்கு வாய்த்த பெருஞ்செல்வம் ஐசக் வால்டனின் நட்பு. வால்டன் லண்டனில் வணிகம் செய்தவர். காட்டனைவிட முப்பத்தேழு ஆண்டு மூத்தவர். 1653இல் அவர் வெளியிட்ட ‘முழுமைத் தூண்டிலாளன்’ என்னும் நூல் புகழ்பெற்றது. ஆயினும் அவர் புழுவும் இரையும் கொண்டு மீன்பிடித்தவர். செயற்கை ஈயைப் பற்றிய செய்திகளைப் பெரிதும் பிறரிடமிருந்தே பெற்றார். அக்குறையை நிறைவு செய்யும் பொறுப்பு, அவரைத் தந்தையெனவே அழைத்த காட்டனிடம் வந்தது. 1676இல் பத்து நாள்களுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் இரண்டாம் பகுதியை அவர் எழுதி முடித்தார்.

அப்பகுதியின் களம் மார்ச்சு மாதத் தொடக்கம். குளிர் விலகாத வேளை. சுண்ணாம்புப் பாறைகளின் ஊற்றுகள் கலக்கும் டவ் ஆற்றில் நீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். நிலத்தடியிலிருந்து வரும் ஊற்றுநீர் ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒரே வெம்மை உடையதாதலின், பனிக்காலத்தும் அங்கே சிறுபூச்சிகள் தோன்றும். டிரவுட் மீன்கள் மேலெழும். (ஆங்கிலேயர் நீலகிரி ஓடைகளுக்குக் கொணர்ந்த டிரவுட்டை நம்மில் சிலர் அறிவர்.) தெளிந்த நீரில் மீன் ஆளைக் கண்டுவிடும். ஆகவே நுண்ணிய நூலோடு தொலைவில் நின்று வீச வேண்டும் என்பதே காட்டனின் முதல் விதி. தூண்டில் முள்ளையடுத்து இரண்டே குதிரைமயிர் போதும், அதைக்கொண்டு இருபது அங்குல மீனைக் கரைசேர்க்க இயலாதவன் தூண்டிலாளனே அல்லன் என்பது அவர் கொள்கை.

மாதந்தோறும் கட்டவேண்டிய ஈக்களை அவர் சனவரியிலிருந்தே வகுக்கிறார். சனவரி ஈயின் உடலுக்கு நீள்மயிர்க் கருநாயின் வாலில் செம்பழுப்பேறிய மயிர். இறகுக்கு ஆண் வாத்தின் வெளிறிய சிறகு. டிசம்பரிலும் சனவரியிலும் இவ்வாறு மீன்பிடிப்போர் சிலரே. ஆயினும் நாள் சற்று வெம்மையாயிருந்து, உருகிய பனி நீரில் கலவாதிருந்தால் முயலலாம் என்கிறார். கையால் மயிரைத் திருகிப் பார்த்தவரே இப்படி எழுத முடியும் என்பது என் துணிபு.

1674இல் ஆற்றின் வளைவில் சிறு கல்வீடு ஒன்றைக் கட்டி, வாயிலின்மேல் தம் பெயரின் முதலெழுத்தையும் வால்டனின் முதலெழுத்தையும் பின்னிப் பொறித்தார். குளிர்காற்று வீசும் அந்நாட்டிலிருந்து, மே மாதத்தில் வந்து சில நாள் தங்குமாறு வால்டனை அழைத்துக் கவிதையும் எழுதினார். எண்பத்து மூன்றாம் அகவையில் இருந்த வால்டனோ, நூறு மைலுக்கு மேற்பட்ட தொலைவையும் முதுமையையும் மறந்து புறப்படுவேன் என்று 1676 ஏப்ரலில் விடை வரைந்தார். அக்கடிதம் நூலிலேயே அச்சாயிற்று.

1681இல் பிறந்த மாளிகையே கைவிட்டுப் போயிற்று. 1683 டிசம்பரில், கடும் உறைபனிக் காலத்தில், வால்டன் வின்செஸ்டரில் மறைந்தார். காட்டன் எழுதுவதை நிறுத்தவில்லை. பிரெஞ்சு அறிஞர் மொந்தேனின் கட்டுரைகளை மொழிபெயர்த்து 1685இல் வெளியிடத் தொடங்கினார். 1687 பிப்ரவரியில் லண்டனில் இறந்தார்.

தம் கவிதைத் தொகுதியை அவர் அச்சிற் காணவில்லை. அது 1689இல்தான் வந்தது. குளிர்காலத்தைப் படையோடு வரும் முதிய மன்னனாகக் காட்டும் அவருடைய நெடும்பாட்டை வோர்ட்ஸ்வொர்த் 1815இல் எடுத்துக்காட்டிப் பாராட்டினார். சார்லஸ் லாம் அவருடைய புத்தாண்டுப் பாட்டில் மகிழ்ந்தார். 1943இல் பெஞ்சமின் பிரிட்டன் மாலைப்பொழுதைப் பாடும் அவர் கவிதைக்கு இசையமைத்தார். பெரஸ்ஃபோர்டு மாளிகை பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. ஆற்றங்கரையில் அச்சிறு கல்வீடு மட்டும், பின்னிய எழுத்துகளோடு நிற்கிறது.